ஜெர்மன் குக்கர் மூடி தெறித்து அக்கா கை வெந்துவிட்டது: திண்டுக்கல்லில் வழக்குப் போட முடியுமா?

செல்வா (ஓசூர்):
அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது ஆன்லைனில் ஒரு ஜெர்மன் பிராண்ட் பிரஷர் குக்கர் வாங்கி அனுப்பினேன். 7,400 ரூபாய், கேஸ் அடுப்பில் வைப்பது. மார்ச்சில் ஒரு நாள் பருப்பு வேக வைத்திருக்கிறாள். அடுப்பை அணைத்து, பிரஷர் போய்விட்டது என்று காட்டும் முள் கீழே இறங்கிய பிறகுதான் மூடியைத் திருப்பியிருக்கிறாள். உள்ளே ஆவி அப்படியே இருந்திருக்கிறது. மூடி தெறித்து, கொதிக்கிற பருப்பு வலது கையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டது. 11 நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை. அக்காவுக்குத் தையல்தான் தொழில். கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். இந்தியாவில் கிளை இல்லை, எதுவானாலும் எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்கிறார்கள். விற்ற கடைக்காரர், குக்கரைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருகிறேன் என்கிறார். பில் என் பெயரில் இருக்கிறது. அக்கா வழக்குப் போட முடியுமா? ஜெர்மனிக்கா போக வேண்டும்?

வழக்கறிஞர், மதுரை:
தம்பி, முதல் காரியம், குக்கரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. கழுவ வேண்டாம், கேஸ்கட்டைக் கழற்ற வேண்டாம். இருக்கிறபடி போட்டோ எடுத்து, துணியில் சுற்றிக் கட்டி வையுங்கள். கேட்டால் நுகர்வோர் ஆணையமே அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்.

பில் உங்கள் பெயரில் இருப்பதால் குறையில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். அக்கா குடியிருக்கும் ஊரிலேயே, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். எந்த ஆணையம் என்பதைக் கேட்கிற இழப்பீட்டை வைத்துத் தீர்மானிப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 15 லட்சம் கேட்டாலும் உங்கள் குக்கர் 7,400 ரூபாய். ஆகவே மாவட்ட ஆணையம் போதும், கட்டணமும் கிடையாது.

ஜெர்மன் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். அங்கே நோட்டீஸ் கொண்டு சேர்க்க, வெளிநாட்டுக்கு நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி அரசு வழியாக, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். இங்கே ஜெயித்தாலும் அந்த நாட்டு நீதிமன்றம் உத்தரவை ஏற்றால்தான் பணம் வரும்.

அதற்காகத்தான் அதே நுகர்வோர் சட்டத்தில் 86-வது பிரிவு இருக்கிறது. தயாரித்தவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, உத்தரவை அவர் மேல் நிறைவேற்ற முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பு. விற்றவர் என்பதில் இறக்குமதி செய்தவரும் அடக்கம். எனவே அவர் யார் என்று பிடியுங்கள். இறக்குமதியாகும் பொட்டலத்தில் அவர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அட்டைப்பெட்டி இருக்கிறதா?

பாத்திரக்கடை மாமா, கும்பகோணம்:
வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுச் சரக்கானாலும் விலக்கு இல்லை. முத்திரை இல்லாத குக்கரை விற்கவிட்டதற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அடிப்பக்கமும் கைப்பிடிக்குக் கீழேயும் பாருங்கள். 30 வருஷம் குக்கர் விற்றவன் சொல்கிறேன், பிரஷர் இருக்கும்போது திருப்பினாலும் மூடி திறக்க வராதபடிதான் குக்கர் இருக்க வேண்டும். திறந்தது என்றால் உங்கள் அக்கா மேல் தப்பில்லை.

செல்வா:
ரொம்ப நன்றி மாமா. அந்தக் கடைசி வரியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். தான் அவசரப்பட்டுவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

பெட்டி பரணில் இருந்தது. மும்பை முகவரியோடு இறக்குமதியாளர் பெயர் இருக்கிறது. குக்கரில் எங்கே தேடியும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. மேடம், காலக்கெடு உண்டா?

வழக்கறிஞர், மதுரை:
விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். ஆனால் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், தையலில் மாதம் என்ன வந்தது என்பதற்கான கணக்கு, கம்பெனி மெயில், கடைக்காரர் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அன்று நடந்ததை அக்கா தன் வார்த்தையிலேயே எழுதட்டும், முள் இறங்கியதைப் பார்த்தது உட்பட.

செல்வா:
சரி மேடம். அக்காவுக்கு இப்போது பேனா பிடிக்க வராது. அவள் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.