பிராசஸ் புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் செய்து மாட்டிக்கொண்டேன், 18 நாளில் என்ன செய்யலாம்?

மைக்கறை எழுதியது:

வணக்கம். கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் மதுரை. இந்த செமஸ்டர் டைப்போகிராஃபி பாடத்துக்குக் கொடுத்த ப்ரீஃப் இதுதான்: உங்கள் ஊரில் கையால் எழுதிய கடைப்பலகைகளைப் பார்த்து ஒரு தலைப்பு எழுத்து வடிவமைக்க வேண்டும், குறைந்தது 20 எழுத்து. அதை வைத்து ஏ2 போஸ்டர் ஒன்று, எட்டுப் பக்க மடிப்பு ஒன்று, கூடவே பிராசஸ் புத்தகம், அதாவது வேலை எப்படி வளர்ந்தது என்று ஸ்கெட்ச்சோடு காட்டும் தொகுப்பு.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனேன். விளக்குத்தூணில் இறங்கி கீழமாசி வீதி நெடுக நடந்து 140 படம் எடுத்தேன். பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்தான், ஆனால் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் பழைய தகரப் பலகை எட்டிப் பார்க்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு மளிகை மண்டியில் நீலத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. அதில் 'விற்பனை' என்ற சொல்லில் பழைய னை, யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்து வருமே, அது. இங்கே தட்டச்சு செய்து காட்ட முடியவில்லை. அதைப் பார்த்ததும் இதுதான் என் புராஜெக்ட் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் மற்ற பாடங்களின் சப்மிஷன் வந்து மூன்று வாரம் போனதே தெரியவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து இல்லஸ்ட்ரேட்டரில் நேராகப் பென் டூலைப் பிடித்து 22 எழுத்தையும் போட்டு, போஸ்டரையும் முடித்தேன். முடித்த பிறகு பிராசஸ் புத்தகத்துக்காக ஃபைனலைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கோணலாக, 40 தம்ப்நெயில் (ஆரம்ப யோசனைக்கான குட்டி ஸ்கெட்ச்) வரைந்தேன். திட்டாதீர்கள், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான்.

இடைக்கால ஜூரியில் (ஆசிரியர்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடும் நாள்) மேம் இரண்டே நிமிடத்தில் பிடித்துவிட்டார். நாற்பதும் ஒரே ஜெல் பேனா, ஒரே மை என்றார், அதைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "ஃபைனலில் ற்-க்கும் ப-வுக்கும் நடுவில் இருக்கிற ஓட்டை உன் முதல் ஸ்கெட்ச்சிலேயே இருக்கிறதே, அது எப்படி?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை.

ஃபைனல் ஜூரிக்கு 18 நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவா, இருப்பதை ஒட்டுப்போடவா? வேலை செய்கிறவர்கள் உண்மையில் எப்படி ஒரு புராஜெக்ட்டை நகர்த்துகிறீர்கள்? இன்னொன்று, என்ன செய்தாலும் எனக்கு ழ வரவில்லை.


கட்டைவிரல் எழுதியது:

தம்பி, முதலில் மூச்சு விடு. நான் சென்னையில் 11 வருஷமாக இதே தொழில். எந்த கிளையண்டும் தம்ப்நெயில் கேட்டதில்லை. "நாளைக்குக் காலையில் வேணும், அண்ணன் பொண்ணு கல்யாணம்" என்பார்கள், அவ்வளவுதான். பிராசஸ் புத்தகம் என்பது கல்லூரிக்காரர்களுக்காகப் போடுகிற நாடகம்.

ஆனால் உன் மேம் சொன்ன ஓட்டை நாடகம் இல்லை, அது நிஜமான தப்பு. அதைச் சரி செய். அந்த 'விற்பனை'யை ஏ2 அளவில் சாதாரணக் கறுப்பு வெள்ளையில் நாலு ஏ4 தாளாகப் பிரின்ட் எடுத்து ஒட்டி, சுவரில் மாட்டிவிட்டு ரூமின் அந்த மூலையில் போய் நில். திரையில் 400 சதவீதத்தில் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்துதான் தெரியும், எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெளி தெரியாது. தலைகீழாக மாட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது, படிக்க முடியாது என்பதால் கண் வெறும் கறுப்பு வெள்ளையைத்தான் பார்க்கும்.


பழைய_பிளாக் எழுதியது:

கட்டைவிரல் சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். கிளையண்ட் கேட்க மாட்டார், சரி. ஆனால் நீங்கள் ஒட்டச் சொன்ன அந்த நாலு தாள் இருக்கிறதே, அதுதான் பிராசஸ். அதில் சிவப்புப் பேனாவில் சுழித்து 'இங்கே இழு, இங்கே தள்ளு' என்று எழுதினால் புத்தகத்தில் இரண்டு பக்கம் முடிந்தது. யாரும் போலியாக வரைய வேண்டியதில்லை.

நான் சில வருஷம் இந்தப் பாடம் எடுத்திருக்கிறேன். ஜூரியில் உட்காருகிறவருக்கு அழகான ஸ்கெட்ச் தேவையே இல்லை. இந்தப் பையன் எங்கே மனசு மாறினான், எதைப் பார்த்து மாறினான், அது மட்டும் தெரிந்தால் போதும். உன்னிடம் 140 படம் இருக்கிறது என்கிறாய், அதில் எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? நாலைந்து அழகான படம் மட்டும் மூட்போர்டில் ஒட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். அந்த 140-ஐயும் சின்னச் சின்னதாக அச்சிட்டு வெட்டி, ஒரே எழுத்தை ஒரே வரிசையில் அடுக்கு. 30 ர வரிசையாக நின்றால் உனக்கே தெரியும், எது பிரஷ்ஷின் பழக்கம், எது எழுதியவரின் கை என்று. இதை நீ முதல் வாரம் செய்திருக்க வேண்டும். பரவாயில்லை, ஐந்தாம் வாரம் செய்ததாகவே தேதி போடு. தேதியில் பொய் வேண்டாம்.

பழைய னை பற்றி ஒரு எச்சரிக்கை. பெரியார் 1935-இல் குடிஅரசில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத்தான் தமிழக அரசு 1978-இல் ஏற்று நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என மொத்தம் 13 எழுத்தின் வடிவம் மாறியது. ஆனால் பலகையில் துதிக்கை இருக்கிறது என்பதற்காக அது 78-க்கு முந்தியது என்று புத்தகத்தில் எழுதிவிடாதே. எழுதிப் பழகிய கை அரசாணையைப் பார்த்து மறுநாளே மாறுவதில்லை. கடைக்காரரிடம் கேள், பலகை போட்ட வருஷம் தெரிந்திருக்கும்.

யூனிகோடில் பழைய னைக்குத் தனி எண் கிடையாது, அதனால்தான் உன்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. அது ஃபான்ட்டின் வேலை. பின்னாளில் இதை முழு எழுத்துருவாக ஆக்கினால் புதிய னையைச் சாதாரண வடிவமாகவும் பழையதை மாற்று வடிவமாகவும் ஸ்டைலிஸ்டிக் செட்டில், அதாவது வேண்டும்போது மட்டும் ஆன் செய்துகொள்ளும் மாற்று எழுத்துத் தொகுப்பில், வைக்கலாம். எழுத்து 247 என்று பயந்துவிடாதே. கா, கெ, கை எல்லாம் கால், கொம்பு, இணைகொம்பு சேர்த்து வருபவை. தனியாக வரைய வேண்டியது உயிர் 12, ஆய்தம், மெய்யும் அகர இகர ஈகார உகர ஊகார வரிசைகளுமாக 18-இன் ஆறு மடங்கு 108, துணைக்குறி 4. கிரந்தமும் எண்களும் போக 125 தான். எழுத்துரு உருவாக்கும் மென்பொருளில் க்ளிஃப்ஸ் மேக்கில் மட்டும்தான் ஓடும், மேக் இல்லையென்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம்.

வரையும் வரிசையும் முக்கியம். அ, ஆ, இ என்று போனால் தொலைந்தாய். ப-வை முதலில் வரை, உயரம், அகலம், கோட்டின் தடிமன் மூன்றும் அதிலேயே முடிவாகிவிடும். அடுத்தது ல. அதன் வளைந்த அடி ப-வின் தட்டை அடியைவிட மயிரிழை கீழே இறங்கியிருக்க வேண்டும், சமமாக வைத்தால் ல குட்டையாகத் தெரியும். ழ-வுக்கு முன் ம-வை முடித்துவிடு. ம சரியாக வந்தால் ழ-வில் மிச்சம் வால்தான். அந்த வாலைக் கொஞ்சம் அதிகமாகச் சுழித்தால் தூரத்திலிருந்து மு என்று படித்துவிடுவார்கள், உனக்கு வராததற்கு அநேகமாக அதுதான் காரணம்.

சென்னைக்கு வர முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கு. அதைச் சேகரித்த கோட்டையூர் முத்தையாவே ஒரு காலத்தில் பெயர்ப்பலகை எழுதியவர். இந்த புராஜெக்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.


தகரத்தாள் எழுதியது:

எல்லாரும் பலகையைப் பற்றிப் பேசுகிறீர்கள், எழுதியவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன். என் அப்பா பலகை எழுதியவர். திண்டுக்கல் பக்கம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து, இப்போது வருஷத்துக்கு நாலைந்து கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், அவ்வளவுதான்.

அவர் எழுத்தை எண்ணும் முறையைச் சொல்கிறேன், உனக்கு உதவும். நீளப் பலகையில் எத்தனை எழுத்து என்று அவர் பார்ப்பதில்லை, எத்தனை இடம் என்றுதான் பார்ப்பார். ர அரை இடம், கால் அரை, கொம்பு ஒன்று, க ஒன்று, ண ஒன்றரை. 'எண்ணெய்' என்றால் நமக்கு நாலு எழுத்து, அவருக்கு ஆறு இடம்: எ ஒன்று, ண் ஒன்றரை, ணெ இரண்டரை, ய் ஒன்று. பலகையின் அகலத்தை அந்தக் கணக்கால் வகுத்து, சாக்பீஸ் தேய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டி விடுவார், மேல்கோடு, கீழ்கோடு. அப்புறம் சாக்பீஸில் எலும்புக்கூடு மாதிரி மெல்லிசாக எழுத்து. பிரஷ்ஷைத் தொடும் முன் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து ஒரு எழுத்தை மட்டும் உள்ளங்கையால் அழித்து ரெண்டு விரல் தள்ளி எழுதுவார். நான் சின்ன வயசில் இது என்ன தேவையில்லாத வேலை என்று நினைப்பேன்.

உன் ற், ப நடுவில் ஓட்டை வந்தது, கம்ப்யூட்டர் எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டதால்தான். அப்பா விட மாட்டார்.

நீ படம் எடுத்த அந்த மண்டிப் பலகையின் ஓரத்தைப் பெருக்கிப் பார். வலது கீழ் மூலையில் சின்னதாக 'ஆர்ட்ஸ்' என்று ஏதாவது பெயர் இருக்கும். இருந்தால் கடையில் கேட்டுத் தேடிப் போ. போஸ்டரில் அவர் பெயரையும் போடு. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் கோபம்தான். எங்கள் அப்பா எழுத்தை ஒரு காபிக் கடை மெனுவில் பார்த்தேன், 'வின்டேஜ் தமிழ்' என்று போட்டிருந்தார்கள்.


பிளேட்_ரூம் எழுதியது:

சிவகாசி, ப்ரீ-பிரஸ் (அச்சுக்கு முன் ஃபைலைச் சரிபார்த்துத் தயாராக்கும்) வேலை. கலை விஷயம் மேலே சொல்லிவிட்டார்கள், நான் என் வயிற்றெரிச்சலை மட்டும் சொல்கிறேன். மாணவர்கள் அனுப்பும் ஃபைலில் பத்துக்கு எட்டு இதே கதை.

மடிப்பில் விளக்க வரிகள் சாதாரண யூனிகோட் எழுத்தில் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறதா? பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷனை ஆன் செய்து, பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடு. இன்டிசைனிலும் அதே கம்போசர்தான். இது தெரியாமல் பாதிப் பேர் பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்டுக்கு ஓடுகிறார்கள். அனுப்பும்போது எழுத்தையெல்லாம் அவுட்லைன் ஆக்கிய (தட்டச்சில் திருத்த முடியாத வெறும் வடிவமாக மாற்றிய) ஒரு பிரதி, ஆக்காத ஒரு பிரதி, இரண்டும் கொடு. ஆக்கியதை மட்டும் கொடுத்துவிட்டு "சார் ஒரு எழுத்துப் பிழை" என்று ராத்திரி போன் செய்யாதே.

ஏ2 என்றால் 420-க்கு 594 மிமீ, நாலு பக்கமும் 3 மிமீ ப்ளீடு (வெட்டிப் போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 426-க்கு 600. சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டும் 100, நாலு கலரையும் கலந்த கறுப்பு வேண்டாம், ரெஜிஸ்டர் (நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு நூல் நகர்ந்தாலும் ஓரத்தில் சிவப்பு நீலம் தெரியும். அப்புறம் மடிப்பு. தடியாக இருந்தால் கெத்து என்று எல்லாரும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற பேப்பர் எடை) ஆர்ட் கார்டு கேட்கிறார்கள், எட்டுப் பக்கம் மடித்தால் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். 130-இல் போடு. தடியாகத்தான் வேண்டும் என்றால் மடிப்புக்கு முன் கிரீஸ் (மடியும் இடத்தில் அழுத்திய பள்ளக் கோடு) போடச் சொல், பேப்பரின் இழை மடிப்புக்கு இணையாக ஓடுகிறதா என்றும் கேள்.


மைக்கறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதலில், தம்பியும் இல்லை பையனும் இல்லை, தங்கச்சி.

தகரத்தாள் அக்கா, பெருக்கிப் பார்த்தேன். ஆர்ட்ஸ் என்பதும் அதற்கு முன்னால் பாதி உரிந்த பெயரும் இருக்கிறது. நேற்று மண்டிக்குப் போனேன். பலகை 1986-இல் போட்டதாம், கடைக்காரருக்குக் கல்யாணமான வருஷம் என்பதால் நினைவிருக்கிறது. பழைய_பிளாக் சார் சொல்லாவிட்டால் '1978-க்கு முன்' என்று பெரிதாகத் தலைப்பே போட்டிருப்பேன். எழுதியவர் இப்போது மகன் வீட்டில், ஒத்தக்கடையில் இருக்கிறார்.

போனேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் என் ஏ3 நோட்டை வாங்கி, நான் கொண்டுபோன தட்டை பிரஷ்ஷை இரண்டு முறை தண்ணீரில் அடித்துவிட்டு, போஸ்டர் கலரில் ழ எழுதினார். மூன்று இழுப்பு. நான் பென் டூலில் 19 புள்ளி வைத்திருந்த இடம். வாலைச் சுழிக்கவே இல்லை, பிரஷ்ஷை லேசாகத் திருப்பி எடுத்துவிட்டார், அது தானாகக் கூர்மையாகி நின்றது. இரண்டாவது தடவை வீடியோ எடுத்துக்கொண்டேன். துதிக்கை னை எழுதச் சொன்னால் சிரித்தார், "அது ஈஸி, கை எடுக்காம போயிடலாம், புதுசுதான் ரெண்டு வேலை" என்றார். இந்த ஒரு வரி தெரியாமல் அதன் அழகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன்.

22 எழுத்தில் 9-ஐத் தூக்கிவிட்டு ப, ல, ம என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அந்த 40 போலி தம்ப்நெயிலையும் புத்தகத்தில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன், போலி என்றே எழுதி. மேம் என்ன சொல்வாரோ.

பிளேட்_ரூம் அண்ணா, ஒரு சந்தேகம். போஸ்டரில் ழ ஒன்றே பெரிதாக வருகிறது, வால் நுனி பேப்பரின் கீழ் விளிம்பைத் தொடுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.


பிளேட்_ரூம் எழுதியது:

தொடுகிற மாதிரி வைக்காதே. கட்டிங்கில் ஒரு மிமீ அங்கே இங்கே போகும், தொடாமல் நின்றால் அசிங்கமாக இருக்கும். ஒன்று, வாலை விளிம்பைத் தாண்டி ப்ளீடு முடிகிற வரைக்கும் விட்டு வெட்டுப்படச் செய். இல்லையென்றால் விளிம்புக்கு 10 மிமீ முன்னாலேயே நிறுத்து. அந்தப் பெரியவர் கூர்மையாக எடுத்துவிட்ட நுனி என்கிறாய், நான் என்றால் நிறுத்துவேன்.