சின்ன டிராக்டருக்கு ஸ்நோ ப்ளோவர்: வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

கேள்வி:

அண்ணா, போன மாசம்தான் புது வீட்டுக்குக் குடிவந்தோம். ரோட்டுலேருந்து வாசல் வரைக்கும் 60 மீட்டர் ஜல்லிப் பாதை. வீட்டை வித்தவர் ஒரு 25 ஹெச்.பி. டிராக்டரையும் அதுக்கு முன்னாடி மாட்டின லோடரையும் (பக்கெட்டைத் தூக்கி இறக்கற கை) சேர்த்தே கொடுத்துட்டுப் போயிட்டார். எங்களுக்கு இது முதல் பனிக்காலம். லோடர் பக்கெட்டால தள்ளினாப் போதுமா, ஸ்நோ ப்ளோவர் வாங்கணுமா? வாங்கினா முன்னாடி மாட்டுறதா, பின்னாடியா?

பதில்:

தம்பி, முதல்ல எடையைக் கணக்குப் போடுங்க. 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 20 செ.மீ. பனின்னா 36 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோன்னு வெச்சாலும் மூணரை டன்னுக்கு மேல. ஈரப்பனின்னா ரெண்டு, மூணு மடங்கு. பக்கெட்டால தள்ளலாம்தான், ஆனா தள்ளினதெல்லாம் ஓரத்துலேயே கிடக்கும். அது கல்லு மாதிரி இறுகி, ரெண்டே மாசத்துல கார் நுழையறதே பெரும்பாடாயிடும். பின்னாடி மாட்டுற பிளேடுலயும் இதே தொல்லைதான். ப்ளோவர் பனியைத் தூக்கித் தூரமா எறிஞ்சிடும்.

முன்னாடி மாட்டுறது ஓட்டச் சொகுசு. ஆனா வண்டிக்கு அடியில நடு பி.டி.ஓ. (என்ஜின் சக்தியை வெளிக்கருவிக்குக் கொடுக்கற சுழல் தண்டு) இருக்கணும், பொதுவா அது 2000 ஆர்.பி.எம்.ல சுத்தும். உங்க மாடலுக்குன்னே செஞ்ச இரும்புச் சட்டமும் வேணும், லோடரையும் கழட்டணும். பின்னாடி மாட்ட த்ரீ பாயின்ட் லிங்கேஜும் (கருவியை மாட்டித் தூக்கற மூணு கை) 540 ஆர்.பி.எம். பி.டி.ஓ.வும் போதும். நாளைக்கு வண்டியை மாத்தினாலும் ப்ளோவர் பெரும்பாலும் அப்படியே உதவும். ரிவர்ஸ்லேயே ஓட்டணும், கழுத்து வலிக்கும், அதை மறைக்கலை. ஆனா லோடர் முன்னாடியே இருக்கறதால, ரோட்டுல பனி தள்ளுற வண்டி நம்ம வாசல்ல ஒதுக்கிட்டுப் போற கெட்டிக் குவியலை உடைச்சுக்கலாம். பின்னாடி எடை ஏறினா முன் சக்கரம் பிடிப்பு இழந்து ஸ்டீயரிங் கேக்காது. பக்கெட் எடை அதையும் சரிக்கட்டும். நான் பின்னாடிதான் மாட்டியிருக்கேன்.

அகலம்: பின் டயர் ரெண்டோட வெளி விளிம்பையும் அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூட. குறைஞ்சா டயர் பனியை மிதிச்சு இறுக்கிடும். ரொம்பப் பெருசாவும் போகாதீங்க, என்ஜின் ஹெச்.பி. முழுசும் பி.டி.ஓ.வுக்கு வராது. உங்க வண்டி ஹைட்ரோஸ்டாட்டிக்கா (கியர் மாத்தாம எண்ணெய் அழுத்தத்துலேயே ஓடறது), கியரான்னும் பாருங்க. ப்ளோவர் முழு வேகத்துல சுத்தணும், வண்டி ஆமை மாதிரி நகரணும். ஹைட்ரோஸ்டாட்டிக்ல இது கால் பெடலாலேயே முடியும். கிளட்ச் மிதிச்சா பி.டி.ஓ.வும் நின்னுடுற பழைய கியர் வண்டியில, ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் ப்ளோவருக்குள்ள பனி அடைச்சுக்கும்.

இனி, எல்லாரும் கோட்டை விடுற இடம்: பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது வண்டியையும் ப்ளோவரையும் இணைக்கற, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற ரெண்டு குழாய். புதுசா வர்ற ஷாஃப்ட் அநேகமா உங்க வண்டிக்கு நீளமா இருக்கும். ப்ளோவரை மாட்டி, ஷாஃப்டை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை வண்டியிலயும் மறு பாதியை ப்ளோவர்லயும் செருகி, பக்கத்துல பக்கத்துல பிடிங்க. லிங்கேஜை மெதுவா ஏத்தி இறக்கி, எந்த உயரத்துல இடைவெளி ரொம்பக் குறையுதுன்னு பாருங்க. அந்த உயரத்துலயும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம ஓர் அங்குலமாவது மிஞ்சணும். உள் குழாய், வெளி குழாய், பிளாஸ்டிக் உறை ரெண்டும், எல்லாத்துலயும் ஒரே அளவு வெட்டணும். வெட்டின வாயை அரத்தால ராவி, கிரீஸ் தடவுங்க. ரொம்ப விலகுற உயரத்துல குழாய்ல மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும். க்விக் ஹிட்ச் (கருவியைச் சட்டுன்னு மாட்டிக் கழட்ட உதவுற இணைப்பு) போடுற எண்ணம் இருந்தா முதல்லயே போட்டுட்டு அளங்க. அது ப்ளோவரைச் சில அங்குலம் பின்னுக்குத் தள்ளிடும், வெட்டினதை ஒட்ட முடியாது.

ஷியர் போல்ட் (ஏதாவது சிக்கினா தான் உடைஞ்சு கியர் பாக்ஸைக் காப்பாத்தற போல்ட்) விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேன். ஒரு ராத்திரி பனிக்குள்ள புதைஞ்சிருந்த விறகுக்கட்டையை ஆகர் (பனியை அள்ளி உள்ள தள்ளுற திருகு) கவ்வுச்சு. டக்னு ஒரு சத்தம், ஒரு பக்கத்து ஆகர் நின்னுபோச்சு. ஷியர் போல்ட் தன் வேலையைச் செஞ்சிருக்கு. கையில மாற்று போல்ட் இல்லை. டப்பாவுல கிடந்த தலையில ஆறு கோடு போட்ட கெட்டி போல்டை முடுக்கிட்டு, சாமர்த்தியசாலின்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு கட்டை. போல்ட் உடையலை, கியர் பாக்ஸ் உடைஞ்சுது. இப்ப சீட்டுக்குக் கீழ பத்து ஒரிஜினல் ஷியர் போல்ட் எப்பவும் இருக்கு.

கேள்வி:

நன்றி அண்ணா. ஒரு பழைய ப்ளோவர் பாத்து வெச்சிருக்கேன். ஈரப்பனின்னா அடைச்சுக்குதுன்னு விக்கறவரே சொல்றார். சூட்டை (பனி வெளிய பாயற குழாயை) திருப்ப கைப்பிடிதான் இருக்கு. வாங்கலாமா?

பதில்:

கியர் பாக்ஸ் எண்ணெய் கசியாம, ஆகர் வளையாம இருந்தா வாங்குங்க. உள்ள இருக்கற விசிறி இறக்கைக்கும் அதைச் சுத்தின கூட்டுக்கும் நடுவுல விரல் நுழையற இடைவெளி இருக்கும், ஈரப்பனி அங்கதான் வழுக்கி நிக்குது. இறக்கை நுனிகள்ல கெட்டி ரப்பர் பட்டை வெச்சு, கூட்டை லேசா உரசுற மாதிரி போல்ட் போட்டா எறியற தூரம் நல்லாவே கூடும். எல்லா இறக்கையிலயும் ஒரே எடை இருக்கணும், இல்லேன்னா அதிரும். சூட்டுக்குள்ள சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க. சூட்டைத் திருப்ப 12 வோல்ட் மோட்டார் வெச்சுக்கலாம், ஆனா முதல் வருஷத்துக்குக் கைப்பிடியே போதும்.

அடைச்சுக்கிட்டா கையை விடவே விடாதீங்க. பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினை அணைச்சு, சாவியைப் பையில போட்டு, எல்லாம் நின்னப்புறம் ஒரு கட்டையால குத்துங்க. 540ன்னா செகண்டுக்கு ஒன்பது சுத்து. கழுத்துல சுத்தின மஃப்ளர் நுனி மாட்டினா இழுத்து எடுக்க நேரமே இருக்காது. மஃப்ளரே வேண்டாம், குல்லா போடுங்க.

ஜல்லிப் பாதைங்கறதால ஸ்கிட் ஷூவை (ப்ளோவரோட ரெண்டு பக்கமும் தரையில வழுக்கிப் போற பாதம்) இறக்கி, வெட்டு விளிம்பு தரையிலேருந்து ஓர் அங்குலம் மேல நிக்கற மாதிரி வைங்க. முதல் பனியை அப்படியே மிதிச்சு இறுக விட்டுடுங்க, அதுவே ஜல்லியை மூடிக்கும். சூட்டை வீட்டு ஜன்னல் பக்கமோ கார் பக்கமோ திருப்பாதீங்க.

டயர் செயின் வாங்கினா மட்கார்டுல உரசுமான்னு பாத்து வாங்குங்க. டீசல் குளிர்ல மெழுகு கட்டும், அதனால டேங்க்ல கோடை டீசல் மிச்சமிருந்தா இப்பவே ஓட்டித் தீர்த்துட்டுக் குளிர்கால டீசல் ஊத்துங்க. பாதையோட ரெண்டு ஓரத்துலயும் அடையாளக் குச்சி நடுற வேலையை இந்த வாரமே முடிச்சிடுங்க, மண்ணு உறைஞ்சுட்டா குச்சி இறங்காது.