துருப்பிடித்த ஸ்டியரிங் கிளட்ச்சைச் சீர்செய்வது

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நெடுநாள் நிறுத்திவைத்த பழைய செயின் டோசரில் (சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின் பட்டைகளில் ஓடும் புல்டோசரில்), லீவரை முழுவதும் இழுத்த பிறகும் வண்டி திரும்பாமல் நேராகவே போகிறதென்றால், அந்தப் பக்கத்துச் செயினுக்குப் போகும் விசையைத் துண்டித்து வண்டியைத் திருப்பும் ஸ்டியரிங் கிளட்ச்சின் தட்டுகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உலர் வகைக் கிளட்ச்சில் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் இறுகி நிற்கின்றன. லீவர் அந்த அழுத்தத்தைத்தான் விலக்கும். ஒட்டிய தட்டுகளைப் பிரித்துவிடாது.

ஆயினும் உடனே கழற்ற முனைய வேண்டாம். முதலில் கிளட்ச் அறையின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து, தேங்கிய நீரையும் எண்ணெயையும் வடியவிடுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், குறைந்த கியரில் ஓட்டியபடி, ஒட்டிய பக்கத்து லீவரை முழுதாக இழுத்துப் பிடித்து, அதே பக்கத்துப் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால், துரு மேலோட்டமாக இருக்கும்பட்சத்தில் தட்டுகள் பிரிந்துவிடும். பிரியும் கணத்தில் வண்டி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதை மட்டும் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். மூடிய அறையில் தேங்கிய ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

இதற்கும் அசையாவிட்டால், மேல்மூடியைத் திறந்து கிளட்ச்சை டிரம்மோடு (தட்டுகள் பொருந்தியிருக்கும் பல்லுள்ள உருளையோடு) செயின் பிளாக்கில் தூக்க வேண்டியதுதான். அழுத்தத் தட்டைப் பிரிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடிக்கக்கூடும் என்பதால், பிரஸ்ஸில் வைத்தோ நீண்ட போல்ட்டுகளை மாட்டியோ, சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். வளைந்த, குழிவிழுந்த எஃகுத் தட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள்.

பலர் பார்க்கத் தவறுவது டிரம்மின் பற்களைத்தான். தட்டுகள் ஆண்டுக்கணக்கில் முட்டி முட்டி, பற்களின் பக்கவாட்டில் படிப்படியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் ஒவ்வொரு படியிலும் தடுக்கும். தட்டுகள் அங்கே மாட்டிக்கொள்வதால், புதிய தட்டுகளைப் போட்டாலும் கிளட்ச் விடாது. மெல்லிய பள்ளமென்றால் அரத்தால் சமன்செய்யலாம்; ஆழமானதென்றால் டிரம்மையே மாற்றுவது நல்லது.

அறை திறந்திருக்கும்போதே பெவல் கியர் பக்கத்திலும், செயினை ஓட்டும் கடைசிக் கியர்களான ஃபைனல் டிரைவ் பக்கத்திலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களை மாற்றிவிடுங்கள். லீவரின் தளர்வு அந்த வண்டிக்குரிய கையேட்டில் உள்ள அளவில் இருக்கட்டும். இனி நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் இருக்கைப் பகுதியை நீர் புகாமல் மூடி, இரு லீவர்களையும் பின்னுக்கு இழுத்துக் கட்டிவையுங்கள். அழுத்தம் விலகியிருக்கும் தட்டுகள் அவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை.