யு.கே.ஜி. பிள்ளைக்கு எண் விளையாட்டு: யோசனை சொல்லுங்களேன்

மகளுக்கு ஐந்து வயது. நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் தட்டிலிருந்து ஏழு முறுக்கு எடுத்துக் கொடு என்றால் கை போன போக்கில் அள்ளித் தருகிறாள். டீச்சருக்கு அது கவலையில்லை. ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறாள், இப்படியே போனால் கணக்கு வராது என்கிறார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கிரெக் டங்கன் குழு 2007இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பிள்ளைகளைப் பற்றிய ஆறு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பள்ளியில் சேரும்போது இருக்கும் எண்ணறிவுதான் பின்னாளைய கணக்கோடு அதிகம் ஒட்டியிருந்தது, கவனத்துக்கு ஓரளவு பங்கு, சேட்டைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. (தொடர்பு இருந்தால் மட்டும் காரணம் ஆகிவிடாது, தெரியும்.)

அப்புறம் ரமணி, சீக்லர் இருவரின் ஆய்வில் ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட விளையாட்டு நன்றாகப் பலன் தந்திருக்கிறது. காய் நகர்த்தும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பரமபதத்தில் பாதி நேரம் பாம்பிடம் கடிபட்டு அழுவதிலேயே போகிறது, அதனால் நேர்க்கட்டம் வரையலாம் என்றிருக்கிறேன்.

இப்படி விளையாட வைத்தவர்கள் இருக்கிறீர்களா? பொருளை எண்ணி எடுக்க எப்படிப் பழக்கினீர்கள்? அபாகஸ் வகுப்பு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.