படகுக் கணக்கு மென்பொருள்: மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் முடிக்க எப்படித் திட்டமிடுவது?

மண்டபம்_தம்பி | ஏப்ரல் 24

வணக்கம். பெரியப்பாவுக்கு மண்டபத்தில் மூன்று விசைப்படகுகள். டீசல், ஐஸ், ரேஷன், ஏலத்தில் போன இறால், நண்டு, கணவாய், சங்காயம் (கழிவு மீன்), ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், கடைசியில் பங்கு என்று எல்லாமே நோட்டில்தான். பிசிஏ முடித்த கையோடு, இதை மென்பொருளாகச் செய்து தருகிறேன் என்று ஜனவரியில் சொன்னேன்.

இப்போது பதினெட்டுத் திரைகள் இருக்கின்றன. மாத வரைபடம்கூட வருகிறது. ஆனால் ஒரு படகின் கணக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை. மார்ச் மாத நோட்டை ஏற்றிப் பார்த்தால் சனிக்கிழமை முழுக்க நஷ்டம், ஞாயிற்றுக்கிழமை ஏகப்பட்ட லாபம் என்று காட்டுகிறது. இதற்கிடையில் வலைச் செலவு, இன்ஜின் வேலை, வங்கிக் கடன் என்று பெரியப்பா கேட்கக் கேட்கச் சேர்த்துக்கொண்டே போனேன். தடைக்காலம் ஜூன் 14 வரை. 15ஆம் தேதி படகு கிளம்பும்போது இது ஓட வேண்டும். ஏழு வாரம்தான் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எப்படித் திட்டம் போடுவது?

கீழக்கரை_அக்கா | ஏப்ரல் 24

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த நோட்டை எழுதுவது யார்? பெரியப்பாவா, வேறு ஆளா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கையாவது முழுதாகப் பார்த்தீர்களா?

மண்டபம்_தம்பி | ஏப்ரல் 24

கணக்குப்பிள்ளை எழுதுகிறார். அவரிடம் உட்காரவில்லை அக்கா. பெரியப்பா சொன்னதை வைத்துத்தான் செய்தேன்.

தொண்டி_கணக்கு | ஏப்ரல் 25

நான் மென்பொருள்காரன் இல்லை, படகுக் கணக்கு எழுதுகிறவன். சனி நஷ்டம், ஞாயிறு லாபம் ஏன் என்று எனக்குத் தெரிகிறது. சனிக்கிழமை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போகிற படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். டீசலும் ஐஸும் முதல் நாள், ஏலம் மறுநாள். நீங்கள் தேதி வாரியாகக் கூட்டியிருப்பீர்கள். நாங்கள் எப்போதுமே நடை வாரியாகத்தான் கூட்டுவோம். ஒரு நடை என்றால் கிளம்பியது முதல் பங்கு பிரித்தது வரை.

இன்னொன்று. இறாலுக்கு அன்றைக்கே முழுப் பணமும் வந்துவிடாது. வியாபாரி பாதி கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு தருவார். அதனால் நடை முடிந்தாலும் கணக்கு சில நாள் திறந்தே கிடக்கும். அப்புறம், பங்கு பிரிக்கிற முறை சம்மாட்டிக்குச் சம்மாட்டி (படகு முதலாளி) வேறு. உங்கள் பெரியப்பாவின் மூன்று படகிலும் ஒரே முறைதானா என்று கேட்டுப் பாருங்கள்.

மண்டபம்_தம்பி | ஏப்ரல் 27

இரண்டு நாளாகக் கணக்குப்பிள்ளையுடன் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதுதான் அண்ணே. மூன்றில் ஒரு படகில் முறை வேறு. அதில் டிரைவருக்குத் தனிப் பங்கு, முன்பணத்தையும் ஒவ்வொரு நடையிலும் பாதிதான் பிடிக்கிறார்கள். நானோ ஒரே சூத்திரத்தை எழுதி மூன்றுக்கும் வைத்திருக்கிறேன். பதினெட்டுத் திரையில் எதை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கீழக்கரை_அக்கா | ஏப்ரல் 28

சரி, இப்போது திட்டம் போடலாம்.

‘முடிந்தது’ என்றால் என்ன என்பதை முதலில் எழுதி வையுங்கள். என் யோசனை இது: கணக்குப்பிள்ளை உங்களைக் கூப்பிடாமல் ஒரு நடையைத் தொடங்கிப் பங்கு வரை முடித்துவிட்டால், முடிந்தது. இந்த வரிக்குள் வராத எதுவும் ஜூனுக்கு முன்னால் வேண்டாம். வரைபடம், வங்கிக் கடன், இன்ஜின் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டுங்கள். “இல்லை” என்று சொல்லாதீர்கள், “ஆடியில் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். கேட்டது எழுத்தில் இருந்தால் அவருக்கும் மனம் ஆறும்.

மே நடு வரை ஒரே படகு, ஒரே நடை. செலவு, ஏலம், முன்பணம், பங்கு எல்லாம் அழகில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். திரை திரையாக முடித்துக்கொண்டு போனதுதான் உங்களைக் கவிழ்த்தது. ஒவ்வொன்றும் தனியாக நன்றாக இருக்கும், சேர்க்கும்போதுதான் உடையும். பங்கு பிரிக்கும் விதியை நிரலுக்குள் புதைக்காமல் படகு வாரியாக அட்டவணையில் வையுங்கள். பணத்தைத் தசம எண்ணாகச் சேமிக்காமல் பைசாவில் முழு எண்ணாகச் சேமியுங்கள். கணினி 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. பங்குக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் நம்பிக்கை போய்விடும்.

மே கடைசி வரை மற்ற இரண்டு படகுகள். பிறகு ஒரு வாரம் முழுக்கப் பழைய நோட்டிலிருந்து இருபது நடைகளை ஏற்றிச் சரிபாருங்கள். கடைசி வாரத்தைக் காலியாக விடுங்கள். அது ஓய்வுக்காக இல்லை. எவ்வளவு கவனமாகக் கணித்தாலும் ஏதாவது ஒன்று தள்ளிப்போகும், அதற்கான இடம் அது. ஜூன் 15க்குப் பிறகு ஒரு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும்.

பாம்பன்_நிரல் | ஏப்ரல் 28

துறைமுகத்தில் சிக்னலை நம்பாதீர்கள். எஸ்கியூலைட் (SQLite) என்கிற சின்னத் தரவுத்தளத்தில் கைபேசிக்குள்ளேயே சேமியுங்கள், அதற்கு இணையம் தேவையில்லை. ஒரே ஆள் எழுதுவதால் இரண்டு கைபேசிகளை இணைக்கும் வேலையை இப்போது தொடவே வேண்டாம். ஆனால் தினமும் ஒரு நகல் வேறு இடத்துக்குப் போக வேண்டும். கைபேசி தண்ணீரில் விழுந்தால் மூன்று படகுக் கணக்கும் கடலோடு போகும். அந்த நகலிலிருந்து திரும்ப ஏற்ற முடிகிறதா என்று ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

மண்டபம்_தம்பி | ஜூன் 6

இருபது நடைகளும் ஏற்றியாயிற்று. பதினேழு சரி. மூன்றில் சங்காயத்தில் இடிக்கிறது. எங்கள் ஆட்கள் அதை எடை போடாமல் பெட்டிக் கணக்கில் விற்கிறார்கள். நான் எல்லா மீனுக்கும் கிலோ என்றே வைத்திருந்தேன். அளவுக்கு இப்போது தனிக் கட்டம் வைத்துவிட்டேன். திட்டத்தைவிட நான்கு நாள் பின்னால் இருக்கிறேன், காலி வாரம் இருப்பதால் பதற்றமில்லை.

மண்டபம்_தம்பி | ஜூன் 19

நான்கு நடை முடிந்துவிட்டது. இரண்டாவது நடையில் கணக்குப்பிள்ளை ஒரு தடவை கூப்பிட்டார், முன்பணப் பக்கம் கண்ணில் படவில்லையாம். பொத்தானை மேலே ஏற்றினேன். நேற்று முடித்த நடைக்கு அவர் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, நோட்டை இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி வரி இரண்டிலும் ஒன்றுதான். அக்கா, அண்ணே, பாம்பன் நண்பரே, மிகவும் நன்றி. ‘ஆடி’ தாளில் இப்போது பதினொரு வரிகள் இருக்கின்றன. வலைச் செலவைத்தான் முதலில் எடுக்கலாம் என்று பெரியப்பாவே சொல்கிறார்.