புதுப்பிப்பு: செங்கோட்டைச் சாரலும் ஏபிஎஸ் ஷீட்டில் எழுந்த கொப்புளங்களும்

இன்று அகலப் பாதையாகிவிட்ட செங்கோட்டை–புனலூர் தடத்தில் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் பெட்டியின் சிறு மாதிரிக்காக, வீட்டிலேயே வேக்குவம் ஃபார்மிங் முறையில் (சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின்மேல் இறக்கி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி வடிவமைப்பது) கூரையை உருவாக்கும்போது, ஏபிஎஸ் ஷீட்டில் கொப்புளங்கள் எழுவதாகவும் மூலைகளில் மடிப்பு விழுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டது.

கொப்புளத்துக்குக் காரணம் ஈரம். ஏபிஎஸ் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக் என்பதால், சாரல் காலத்தில் உறையின்றிக் கிடந்த ஷீட்டைச் சூடாக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, குண்டூசித் தலை அளவுக்கு மேற்பரப்பைப் புடைக்கச் செய்கிறது. 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தி, உடனே சட்டத்தில் பூட்டிச் சூடாக்கினால் பரப்பு வழவழப்பாக வருகிறது. இதற்கெனத் தனி ஓவன் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கானது வேண்டாம். ஈரத்தை அதிகம் ஏற்காத ஹிப்ஸ் (பாலிஸ்டைரின் வகைப் பிளாஸ்டிக்) ஷீட்டுக்கு இவ்வளவு சிரமம் இல்லை என்பதால், ஆனி, ஆடி மாதங்களில் அதையே பரிந்துரைப்பேன்.

மடிப்பைப் பொறுத்தவரை, மர அச்சின் கூர்மூலைகளை உருட்டி, பக்கங்களுக்கு 3 முதல் 5 டிகிரி சாய்வு கொடுத்ததோடு, ஷீட் சீராகத் தொய்ந்தவுடன் தாமதிக்காமல் அச்சின்மேல் இறக்கிக் காற்றை உறிஞ்சியது பலன் தந்தது. மிகையாகத் தொய்ந்த பிளாஸ்டிக்தான் மூலைகளில் மடிகிறது.

பிவிசி ஷீட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு: அது அளவுமீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வெளிவரும், ஆகவே வீட்டுக்குள் வேண்டாம்.