சிறிய விமானத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க: மிக்ஸ்சரைக் குறைப்பதா, வேகத்தைக் குறைப்பதா?

வால்காற்று:
நேற்று 8,000 அடியில், இன்ஜின் திறனைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமல், காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழை மட்டும் மெல்ல வெளியே இழுத்து எரிபொருளைக் குறைத்தேன். இன்ஜின் வெளியேற்றும் புகையின் வெப்பம் உச்சத்தைத் தொட்டு மறுபக்கம், அதாவது எரிபொருள் குறைந்த லீன் பக்கம், இறங்கியது. மணிக்கு 9.4 கேலன் குடித்துக்கொண்டிருந்த இன்ஜின் 7.8க்கு வந்தது. போனது 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகம்தான். இதைச் செய்யாதவர்கள் எரிபொருளைக் காற்றில் ஊற்றுகிறார்கள் என்பேன்.

ஸ்பேனர்:
உங்களுடையது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருளைத் தனித்தனியே செலுத்தும் இன்ஜெக்ஷன் இன்ஜின். என்னுடையது எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கலந்து அனுப்பும் கார்புரேட்டர். நான்கு சிலிண்டருக்கும் ஒரே கலவை போய்ச் சேருவதில்லை. ஒன்று உச்சம் தாண்டும்போது இன்னொன்று எரிபொருள் மிகுந்த ரிச் பக்கமே நிற்கும், இன்ஜின் உதறும். போதாக்குறைக்குப் புகை வெப்பம் காட்ட எனக்கிருப்பது ஒரே ஒரு முள். மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு சிலிண்டர் மாற்றுவதில் விட்டவனைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வால்காற்று:
அவர் முள்ளை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டீர்களா? சிலிண்டர் தலை அதிகமாகச் சுடுவது லீன் பக்கத்தில் அல்ல. உச்சத்துக்கு ஏறத்தாழ 40, 50 டிகிரி ஃபாரன்ஹீட் ரிச் பக்கம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலரும் விட்டுவைக்கும் இடம் சரியாக அதுதான்! 65 சதவீதத் திறனுக்கு மேல் நான் லீன் பக்கம் போவதில்லை. 1944இல் பசிபிக் போர்முனையில் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க், பி-38 போர்விமானங்களின் விமானிகளுக்கு எரிபொருள் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தபோதும் இன்ஜின் கெட்டுவிடும் என்றுதான் பயந்தார்கள். கெடவில்லை.

ஸ்பேனர்:
லிண்ட்பெர்க்கை இதில் இழுக்காதீர்கள். அவர் பாடத்தின் பெரும்பகுதி ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை) 1,600க்கு இறக்கி, மேனிஃபோல்டு அழுத்தத்தை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றுவது. சுழல்விசிறியின் கோணத்தை மாற்ற முடியாத என் விமானத்தில் அதை எப்படிச் செய்வது?

மெதுவண்டி:
இருவரும் குமிழையே பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். வேகத்தைக் குறையுங்கள். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; 10 சதவீதம் மெதுவாகப் போனால் தூரத்துக்கு 19 சதவீதம் மிச்சம்.

ஸ்பேனர்:
அது காகிதக் கணக்கு. வேகம் குறையக் குறைய, விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கே இறக்கை கொடுக்கும் தடை ஏறும். 19 ஒருபோதும் கைக்கு வராது.

மெதுவண்டி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். என் விமானத்தில் நானே குறித்துவைத்தது: 110 நாட்டில் மணிக்கு 9 கேலன், 95 நாட்டில் 7. காற்றில்லாத நாளில் 100 கடல் மைலுக்கு 8.2 கேலன், 7.4 ஆகிறது. 10 சதவீதம் கிடைக்கிறது.

வால்காற்று:
அதே எண்களை 30 நாட் எதிர்க்காற்றில் போட்டுப் பாருங்கள். 100 கடல் மைலுக்கு 11.25 கேலனுக்குப் பதில் 10.8. அரை கேலனுக்கும் குறைவு, அதற்காக வானத்தில் கூடுதலாகக் கால் மணி நேரத்துக்கு மேல் தொங்க வேண்டும். காற்று முதுகில் இருக்கும்போது மெதுவாகப் போகலாம். முகத்தில் அடிக்கும்போது காற்று குறைவான உயரத்தைத் தேடுவதுதான் முதல் வேலை.

மெதுவண்டி:
அந்த உயரத்தைத் தேடி ஏறுவதற்கும் எரிபொருள் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுகிய பயணத்தில் அது கட்டுப்படியாகாது.

ஸ்பேனர்:
வால்காற்று, ஒரே ஒரு கேள்வி. உங்கள் நான்கு சிலிண்டரும் உச்சம் தொடும்போது, முதலில் தொடுவதற்கும் கடைசியில் தொடுவதற்கும் இடையே எரிபொருள் ஓட்டம் எவ்வளவு மாறுகிறது? அரை கேலனைத் தாண்டினால் லீன் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

வால்காற்று:
0.3.

ஸ்பேனர்:
அப்படியானால் போங்கள். நான் உதறும்வரை இழுத்து, உதறல் நிற்கும்வரை உள்ளே தள்ளி, அங்கேயே விட்டுவிடுகிறேன். இறங்கும்போது மிக்ஸ்சரைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். 8,000 அடியில் வைத்த அளவோடு தரைப்பக்கம் வந்து த்ராட்டிலைத் தள்ளியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இன்ஜின் இருமிய இருமலில் பக்கத்திலிருந்தவர் பிறகு அவரோடு பறக்கவே இல்லை.